கதவுக்கு இந்தப் பக்கம்

லண்டன்பேட்டை, கிருஷ்ணகிரி.
முதல் மாடியில் என் வீடு,
இழுத்தால் தானே பூட்டிக்கொள்கிற கதவு.
உள்ளே மேசைக் கம்ப்யூட்டர் மட்டும்
விழித்திருக்கிறது.
அதன் விலாவில் செருகியிருக்கும் சுண்டுவிரல் நீளக் குச்சியில்
என் கையெழுத்து
சிவப்பாக மினுக்குகிறது.
கையெழுத்தைப் பிடுங்கி எடுத்துவர மறந்துவிட்டேன்.

நான் பல்லார்ஷாவில் நிற்கும் ரயிலில்,
பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில்,
மடியில் லேப்டாப்.
இன்று இருபதாம் தேதி.
மாங்கூழ் ஆலைகள் ராப்பகலாகக் கொதிக்கிற மாதம்.
மாம்பழம் கிலோ என்ன விலை என்பதில் அல்ல,
தகர டின்னுக்கு எத்தனை சதம் வரி என்பதில்தான்
என் சோறு.

இங்கே விரலை நகர்த்தினால்
ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி
அம்புக்குறி கொஞ்சம் யோசித்துவிட்டு நகர்கிறது,
மூன்றாம் முறை கூப்பிட்டதும் எழுந்து வருகிற
பிள்ளை மாதிரி.

எதையோ தவறித் தட்டியதில்
அங்கிருக்கும் மைக் திறந்துகொண்டது.
காதில் என் வீடு.

நான் இல்லாத வீட்டை
ஒருநாளும் கேட்டதில்லை.
எப்படிக் கேட்டிருக்க முடியும்?
ஃப்ரிட்ஜ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.
பல்லி.
சந்து முனையில் ஓசூர் பஸ்ஸின் ஹாரன்.
சமையலறையில் பைப்பு சொட்டுகிறது.
அடியில் எந்தப் பாத்திரத்தை விட்டுவந்தேனோ,
டங்கென்கிறது.

அழைப்பு மணி.

"நாகவேணி மேடம்! முனிரத்தினம், ஆலையிலிருந்து."

பேசாமல் இருந்திருக்கலாம்.
ஊருக்குப் போவதை இவரிடம் சொல்லவில்லை.
சொன்னால் கணக்கு வேறு கைக்குப் போய்விடும்.
இவர் முதலாளிக்கு
வீட்டோடு இருக்கும் பொம்பளைதான் ராசி.

ஸ்பீக்கர் ஒலியை நூறுக்கு ஏற்றினேன்.
"சொல்லுங்க."

"டின் பில்லு ஒண்ணு விட்டுப்போச்சு. கதவைத் திறங்க மேடம்."

"தலைக்கு எண்ணெய் வெச்சிருக்கேன்.
அங்கிருந்தே படிங்க, ஏத்திக்கிறேன்."

முப்பத்திமூணு, ஏ, ஏ, டி…
அவர் படிக்கப் படிக்க நான் தட்டினேன்.
அவரிடமிருந்து பத்தடியில்,
கதவுக்குப் பின்னால்,
யாருமில்லாத நாற்காலியின் முன்
எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைத்திருக்கும்.

"குரல் ஏன் மேடம் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி?"

"சளி."

அந்த நேரம் பார்த்து ஒருவன்
என் காலருகில் நின்று
சாய், கரம் சாய் என்றான்.
லண்டன்பேட்டை மாடிப்படி வரைக்கும்
கேட்டிருக்கிறது.

"ஹிந்தி சீரியலா மேடம்?"

"ஆமா."

"எங்க வீட்லயும் இதே ரோதனைதான்."

பில்லைக் கதவுக்கடியில் தள்ளச் சொன்னேன்.
தரையில் தாள் உரசியது.
இன்னும் ஆறு நாள் அது அங்கேயே கிடக்கும்.
செருப்புச் சத்தம் இறங்கிற்று,
பாதிப் படியில் நின்றது,
திரும்ப ஏறி வந்தது.

"மேடம்."

"ம்."

"உள்ள பைப்பு சொட்டுது. தண்ணி வீணாப் போகுது பாருங்க."

"மூடுறேன்."

போகவில்லை.
நின்று கேட்கிறார்.
நானும் கேட்கிறேன்.
டங்.
டங்.
இரண்டு பேருமே பேசவில்லை.
பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு,
என்னமோ தன் வீட்டுக் குழாயை மறந்தவர் மாதிரி
வேகமாக இறங்கிப் போனார்.

ரிட்டர்ன் போனது.
சிவப்பு மினுக்கில் கையெழுத்து விழுந்தது.
கம்ப்யூட்டரை அணைத்தால்
திரும்ப எழுப்ப அங்கே ஆளில்லை;
விட்டுவிட்டேன்.
மைக்கையும்.

பல்லார்ஷா நகர்ந்தது.
எதிர்ப் படுக்கைக்காரர் விளக்கை அணைக்கச் சொன்னார்.
அணைத்துவிட்டுக் காதில் வைத்திருந்தேன்.
ஒரு சொட்டு விழுந்தது.
அடுத்தது விழுவதற்குள்
ரயில் ஏதோ பாலத்தில் ஏறிவிட்டது.